புது மெஷினில் வராதது

இரண்டு தாள்கள்.
ஒன்று திருப்பதி ஷோரூமில் அச்சடித்துத் தந்தது:
பெட்டி, திரை, மூன்று வருட வாரண்டி,
மாதம் ஐயாயிரத்து நூறு.
மற்றது பக்தவத்சலு எழுதியது,
நான் படமெடுத்த கல்யாணத்தின் பத்திரிகைக்குப் பின்பக்கம்,
ஓரத்தில் மஞ்சள் அப்படியே:
பிராசசர், போர்டு, ராம் முப்பத்திரண்டு,
பவர் சப்ளை – இதில் கஞ்சம் பிடிக்காதே அக்கா.
கூலி என்ற இடத்தில் வெறும் கோடு.

பதினொரு நாள்
பிரிண்டர் மேலேயே கிடந்தன இரண்டும்.

பழையது ஒரு படத்தைத் திறப்பதற்குள்
எதிர் ஷெட்டின் விசைத்தறி
நாலு விரல் நெய்துவிடுகிறது.
ஆவணியில் எனக்கு ஒன்பது கல்யாணம்,
ஐந்து ஆந்திராவில், நாலு தமிழ்நாட்டில்,
எல்லைக் கல் தாண்டினால் சாம்பாரில் காரம் கூடும்,
படங்களின் எண்ணிக்கை குறையாது.

போன தையில்
புத்தூர்ப் பெண்ணின் அரக்குப் புடவை
ஆல்பத்தில் செங்கல்லாக வந்தது.
அவள் அப்பா சாயப்பட்டறை வைத்திருக்கிறவர்.
திட்டவில்லை.
ஒரு நூல்கண்டைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு
மோரைக் குடித்துவிட்டுப் போனார்.
எடுத்து வைக்க மனம் வரவில்லை,
இன்னும் இருக்கிறது, எஸ்கேப் பொத்தானுக்கு மேலே.

"ரெடிமேட் பெட்டி பெண்பார்த்துச் செய்வது,
அசெம்பிள் காதல் கல்யாணம்" என்றார் என் வீட்டுக்காரர்.
நானூறு கல்யாணம் எடுத்தவள் நான்.
அந்த உவமை எனக்கு வேலைக்காகவில்லை.

ஷோரூமில் டை கட்டிய பையனிடம் கேட்டேன்,
உள்ளே என்ன போர்டு?
கம்பெனி போர்டு மேடம்.
பிறகு ராம் கூட்டலாமா?
திறந்தால் வாரண்டி போயிடும் மேடம்.
பென்டிரைவில் கொண்டுபோன அரக்கைத் திறந்தேன்.
திரை அதைத் தக்காளியாக்கி
மணப்பெண்ணின் கழுத்துக்கும் பாலிஷ் போட்டுக் காட்டியது.
பெட்டியின் பக்கவாட்டில்
சீரியல் விளக்கு, கோயில் திருவிழா மாதிரி.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.
கெட்டுப்போனால் திட்டுவதற்கு ஒரே ஆள், ஒரே நம்பர்.
பக்தவத்சலு கட்டுவதில்
ஏழு உறுப்புக்கு ஏழு கம்பெனி,
ஏழு பேரையும் தனித்தனியாகத் திட்ட வேண்டும்.
அவனோ மார்கழியில் பெங்களூரு போகிறான் வேலைக்கு.
இதை அவனே சொன்னான்,
சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை என் பக்கம் நீட்டினான்.

பட்டாணி அளவு பேஸ்ட்.
ராம் உட்காரும்போது கேட்கும் 'டக்'.
கட்டைவிரலில் கீறல், கொஞ்சம் ரத்தம்.
மூன்று மணி நேரம் கழித்து ஸ்விட்சை அழுத்தினோம்.
ஒன்றும் இல்லை.
மறுபடி. ஒன்றும் இல்லை.
அவன் முகம் வெளுத்தது, நான் தவணைக் கணக்கை நினைத்தேன்.
பின்னால் இருந்த குட்டி ஸ்விட்சைப் போட மறந்திருந்தோம்.

கிராபிக்ஸ் கார்டில் மிச்சம் பிடித்த பணம்
நல்ல திரைக்கும்
நிறம் அளக்கிற கருவிக்கும் போனது.
நூல்கண்டைத் திரையோடு ஒட்டிப் பிடித்தேன்.
அரக்கு, அரக்காகவே இருந்தது.
கிட்டத்தட்ட.
கிட்டத்தட்ட என்பதற்கு மேல்
எந்த மெஷினும் தராது என்று தெரியும் எனக்கு.

ஆவணி முதல் கல்யாணம், ஏகாம்பரகுப்பம்.
மாப்பிள்ளையின் மாமா நாற்காலியை இழுத்து
என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.
திரையில் பெண். பெயர் சுகுணவல்லி.
மேட்டு வெயிலில் நாற்று நட்ட நிறம்,
கன்னத்தில் விளக்கு ஒரு தேன்துளி போட்டிருந்தது.
கொஞ்செம் தெல்லகா சேயம்மா, என்றார்,
வெள்ளையாக்கு என்பதைச் செல்லமாக.

எண்ணூற்றுப் பன்னிரண்டு படங்களையும்
அவர் டீயை ஆற்றுவதற்குள்
பாலாக்கித் தரும் இந்தப் பெட்டி.
ஒவ்வொரு திருகும் என் கையால் முடுக்கியது.

கொத்த மெஷின் சார், என்றேன்.
இந்துலோ அதி ராது.